நாயின் சத்தத்துக்கு அஞ்சினீர்கள், பூனையின் மூச்சை எண்ணினீர்களா?

உங்கள் பொமரேனியன் நடுச்சாமத்தில் எழுப்பும் அந்தச் சத்தத்தால் அதன் உயிருக்கு ஆபத்து இல்லை, அம்மா. கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி நின்று, குறட்டை போன்ற ஒலியோடு மூச்சைத் தொடர்ந்து உள்ளே இழுத்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஒன்றும் நடவாததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு தட்டை நோக்கி ஓடுகிறது என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூக்கின் பின்பகுதியில் ஏதேனும் உறுத்தும்போது சிறிய வகை நாய்கள் இப்படித் தும்மலை உள்நோக்கி இழுப்பது வழக்கம். நுரையீரல் செயலிழக்கும் நாய் ஒரு நிமிடத்தில் வாலாட்டாது. நுரையீரல் செயலிழப்பு என்று கைபேசியில் எவரோ பேசிய காணொளியைப் பார்த்து நான்கு இரவு தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறீர்கள். அந்தக் காணொளியை அழித்துவிடுங்கள். மூக்கு உலர்ந்திருப்பது, அறுவடைக் காலத்தில் இரண்டு மூன்று முறை தும்முவது, வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது ஆகியவையும் கவலைக்குரியவை அல்ல.

என்னைக் கலங்க வைத்தது கடைசிப் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரே ஒரு வரி: "பூனை இரண்டு நாளாகச் சாப்பிடாமல் ஒரு மூலையில் குந்தியிருக்கிறது, வயிறு மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது." கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களை அழைத்துப் பூனையை உடனே கொண்டுபோகச் சொன்னேன். இங்கே எழுதுவது, இதே வரியைப் படித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய மற்றவர்களுக்காகவும்தான்.

மூச்சுத் திணறும் நாய் வீட்டையே எழுப்பிவிடும். பூனையோ நோயை மறைக்கும் பிராணி. நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டு, கிடைக்கிற காற்றை வைத்துச் சமாளித்தபடி, நெஞ்சு முழுக்க நீர் கோத்துக்கொள்ளும்வரை அது சத்தமே எழுப்பாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் பூனை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது மூச்சை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். அது அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நாயானாலும் பூனையானாலும் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப எண்ணியும் 30-க்கு மேல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணிக்கை 40-ஐத் தாண்டினாலோ, மூச்சோடு வயிறும் சேர்ந்து உழைத்தாலோ, பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஈறு வெளுத்து அல்லது நீலம் பாய்ந்து தெரிந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நாய் வாயால் இரைப்பது இயல்பு, ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயால் மூச்சு விடுவது எப்போதுமே அவசரம்தான்.

இத்தகைய பூனை மேசைக்கு வந்ததும், நாங்கள் தொடுவதற்கு முன்பே தள்ளி நின்று அதன் மூச்சைக் கவனிப்போம், ஏனென்றால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒலியும் சிரமமும் இருந்தால் அடைப்பு மூக்கிலோ தொண்டையிலோ இருக்கிறது. மூச்சை வெளியே தள்ளுவதற்கு வயிற்றை அழுத்தினால் சிறு மூச்சுக்குழல்கள் சுருங்கியிருக்கின்றன, அதுதான் பூனையின் ஆஸ்துமா. பதுங்கி உட்கார்ந்து கழுத்தை நீட்டி இருமும் இந்த நோயைத்தான் பல வீடுகளில் "முடி உருண்டையைக் கக்கப் பார்க்கிறது" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் இருந்து, மார்பின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மூச்சொலி மங்கிக் கேட்டால், நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே எக்ஸ்ரேக்குக் காத்திருப்பதே ஆபத்தாகிவிடலாம். மூச்சு வாங்கும் பூனையை மல்லாத்திப் படமெடுக்க முயன்றால் மேசையிலேயே உயிர் போகக்கூடும். முதலில் ஆக்சிஜன், பிறகு விலா எலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி நீரை எடுப்பது, மூச்சு தணிந்தபின்தான் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் என்பதே சரியான வரிசை. "உடனே ஏன் படம் எடுக்கவில்லை?" என்று மருத்துவரிடம் சண்டை பிடிக்காதீர்கள்.

எடுத்த நீர்தான் காரணத்தைச் சொல்லும். நாற்றமடிக்கும் சீழானால், சந்துச் சண்டையில் பட்ட கடி உள்ளே புரையோடியிருக்கலாம். பால் போன்றதானாலும் வைக்கோல் நிறத்திலானாலும் இதயம் உட்பட வேறு இடங்களில் தேட வேண்டும். இதயத் தசை தடித்துப்போகும் நோயுள்ள பூனை பெரும்பாலும் இருமுவதே இல்லை. நாய் இருமும், பூனை மூச்சு மட்டும் வாங்கும். ஆகவே இருமல் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஓட்டுக் கூரையிலிருந்து விழுந்ததோ வண்டியில் அடிபட்டதோ நினைவிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறியிருக்கும் பூனைகளும் இப்படித்தான் வருகின்றன.

அடுத்த வீட்டார் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கச் சொன்னார்களே, அதைப் பற்றிக் கோபமில்லாமல் என்னால் எழுத முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு 125 மில்லிகிராம். உங்கள் பூனையின் எடை மூன்றரைக் கிலோ என்றால் கிலோவுக்குச் சுமார் 36 மில்லிகிராம் ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் பூனைக்கு நஞ்சாகியிருக்கிறது. மனிதக் கல்லீரல் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் குறைவு. சில மணி நேரத்திலேயே இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பு நிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கும். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் பிராணிக்கு இதைவிடக் கொடியது வேறில்லை. எவரேனும் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது, அது நேரத்தோடு செலுத்தப்பட்டால்தான் பலன் தரும். குழந்தையின் இருமல் மருந்து வேண்டாம், நெஞ்சில் தைலம் தேய்க்க வேண்டாம். கற்பூரவள்ளிச் சாற்றை வாயைப் பிளந்து ஊற்றவே வேண்டாம். மூச்சு வாங்கும்போது ஊற்றியது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்ப் புதிய நிமோனியாவைக் கொண்டுவரும்.

கொண்டுபோகும்போது சாக்கில் கட்டாதீர்கள், மடியில் இறுக்கிப் பிடிக்காதீர்கள். காற்றோட்டமுள்ள கூடையிலோ துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ அது விரும்பும் நிலையில் உட்காரவிட்டு, ஆக்சிஜன் வசதி உண்டா என்று முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். மன்னார்குடியிலிருந்து ஒரத்தநாடு எட்டாத தூரமல்ல. அங்கே 2012 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

உங்கள் வீடு களத்துமேட்டுக்கு அருகில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சம்பா அறுவடையின் தூசு, வைக்கோல் எரிக்கும் புகை, மூடிய அறையில் கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி ஆகியவை ஆஸ்துமா உள்ள பூனையின் மூச்சுக்குழலைச் சுருக்கும். ஆஸ்துமாதான் என்று உறுதியானால் புகையில்லாத ஓர் அறையை அதற்கு ஒதுக்குங்கள்.

பூனை தேறியபின் நாயையும் ஒருமுறை காட்டுங்கள். அதற்கு ஒன்பது வயது என்பதால் இதயத்தைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் வரத் தொடங்கினால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்றே கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையை வாங்குங்கள். அடுத்த முறை அந்தச் சத்தம் வரும்போது கைபேசியில் படம்பிடித்து எடுத்துவாருங்கள், மூன்று பக்கக் கடிதத்தைவிட அந்த அரை நிமிடப் படம் மருத்துவருக்கு அதிகம் உதவும்.