உரிமைக்கு விளக்கம் சொல்வது யார்?

வணக்கம்.

கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். இஸ்லாமியச் சமூகங்களில் குடியுரிமை பற்றிப் பாடம் எடுத்தபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நபிகள் நாயகம் மதீனாவில் செய்த உடன்படிக்கையான மதீனா சாசனத்திலேயே எல்லோருக்கும் சம உரிமை வந்துவிட்டது என்றது ஒரு தரப்பு. முஸ்லிம் அல்லாதவர்களிடம் ஜிஸ்யா வரி வாங்கிய மரபில் சமத்துவம் எப்படி வரும் என்றது மறு தரப்பு. பெண்களும் பிற மதத்தவரும் அங்கே சட்டத்திலும் கல்வியிலும் பொதுவாழ்விலும் சமமான குடிமக்களாக முடியுமா? கல்வி பரவினால் மற்றதெல்லாம் மெல்லத் தானே வந்துவிடும், அவசரப்படக் கூடாது என்று நான் நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் மாணவர்கள் விடையைத் தேடுவது பழங்காலத்தில். மதீனா சாசனம் யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று ஏற்றுக்கொண்டது. ஏழாம் நூற்றாண்டுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனாலும் அது குலங்களுக்கு இடையே நடந்த உடன்படிக்கை. தனி ஆள் ஒருவர் அரசின் முன் போய் நின்று உரிமை கேட்பதற்கான ஏற்பாடு அல்ல. ஜிஸ்யாவைக் காட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுல்தானே கலீஃபாவாகவும், அதாவது முஸ்லிம்களின் மார்க்கத் தலைவராகவும், இருந்த துருக்கியின் ஒட்டோமான் அரசு 1856இல் மத பேதமில்லாத சமத்துவத்தை அறிவித்து ஜிஸ்யாவைக் கைவிட்டது. படைச்சேவைக்குப் பதிலாக ஒரு வரி தொடர்ந்தது உண்மை. ஆனால் 1869இல் வந்த குடியுரிமைச் சட்டம் மதத்தைப் பார்க்கவில்லை.

அதனால் மரபில் என்ன இருக்கிறது என்பதைவிட வேறொரு கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. இன்று அந்த மரபுக்கு விளக்கம் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அந்த விளக்கம் தவறு என்று ஒரு சாதாரண மனிதர் சொல்ல வழி இருக்கிறதா?

ஈரானின் அரசியலமைப்பைப் பாருங்கள். 20ஆம் பிரிவு ஆண்கள், பெண்கள் அனைவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. கூடவே, இஸ்லாமிய நெறிகளுக்கு உட்பட்டு என்றும் சொல்கிறது. அந்த நெறி எது என்று தீர்மானிக்கும் பொறுப்பை 4ஆம் பிரிவு, சட்டங்களைச் சரிபார்க்கும் காவலர் மன்றத்தின் மார்க்க அறிஞர்களிடம் கொடுக்கிறது. அவர்கள் ஆறு பேர். ஆறு பேரையும் நியமிப்பவர் உச்சத் தலைவர். ஆக, கோடிக்கணக்கான பெண்களின் உரிமை எவ்வளவு என்பதை அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஆறு ஆண்கள் அளந்து சொல்கிறார்கள். என் ஆட்சேபம் இதன் மீதுதான். இஸ்லாமிய நெறி என்ற சொற்கள் அங்கே இருப்பதற்காக நான் வருத்தப்படவில்லை.

மொராக்கோவையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அங்கே 1992இல் பெண்கள் அமைப்புகள் குடும்பச் சட்டத்தை மாற்றக் கோரிப் பத்து லட்சம் கையெழுத்து திரட்டும் இயக்கத்தைத் தொடங்கின. மறு ஆண்டு கிடைத்தது சிறிய திருத்தம். அவர்கள் விடவில்லை. தங்கள் கோரிக்கை மார்க்கத்துக்கு எதிரானது அல்ல என்று மார்க்க நூல்களை வைத்தே வாதாடக் கற்றுக்கொண்டார்கள். 2000 மார்ச்சில் ஆதரவாளர்கள் ரபாத்தில் ஊர்வலம் போக, அதே நாளில் எதிர்ப்பாளர்கள் காசாபிளாங்காவில் திரண்டார்கள். காசாபிளாங்கா கூட்டமே பெரியது. அதிலும் ஏராளமான பெண்கள் இருந்தார்கள். அப்புறம் மன்னர் ஒரு குழு அமைத்தார். 2003 மே மாதம் காசாபிளாங்காவில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எதிர்ப்பின் வேகம் குறைந்தது. 2004இல் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பெண்ணின் திருமண வயது 18. வயது வந்த பெண் காப்பாளர் இல்லாமலே திருமணம் செய்துகொள்ளலாம். குடும்பம் கணவன் மனைவி இருவரின் கூட்டுப் பொறுப்பு. மணவிலக்கு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடக்கும். 2007இல் தாய் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்தது.

அங்கேயும் கடைசி முடிவு மன்னர் கையில்தானே இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். வாரிசுரிமை மாறவில்லை. 18 வயதுக்குக் குறைந்த பெண்களின் திருமணத்துக்கு விதிவிலக்கு தரும் அதிகாரம் நீதிபதிகளுக்கு உண்டு, அவர்கள் அதைத் தாராளமாகவே பயன்படுத்தினார்கள். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் வீதியிலும் பத்திரிகையிலும் நடந்த வாதத்தைக் கேட்ட பிறகே அந்த முடிவு வந்தது. விளக்கம் சொல்லும் இடத்துக்குள் பெண்கள் நுழைந்திருந்தார்கள்.

இதே வழியை 2006இல் ஈரானியப் பெண்கள் கையில் எடுத்தார்கள். அங்கும் பத்து லட்சம் கையெழுத்து. அங்கும் எங்கள் கோரிக்கை இஸ்லாத்துக்கு முரணானது அல்ல என்ற வாதம். 1979 புரட்சிக்குப் பின் பெண் என்பதற்காகவே நீதிபதி பதவியிலிருந்து இறக்கப்பட்ட, 2003இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஷிரின் எபாதி அவர்களுக்குத் துணை நின்றார். கையெழுத்து வாங்கியதற்காகவே பெண்கள் கைதானார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வாதத்தைக் கேட்கும் வாசல் அங்கே மூடியிருந்தது.

இப்படி அரசுக்கு வெளியே மக்கள் தாமாகத் திரளும் குடிமைச் சமூகம் என்றாலே நல்ல பக்கம் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜகார்த்தாவின் கிறிஸ்தவ ஆளுநர் அஹோக்குக்கு எதிராக 2016இல் திரண்ட பெருங்கூட்டமும் குடிமைச் சமூகம்தான். மறு ஆண்டு மத நிந்தனைக் குற்றத்துக்காக அவர் சிறை சென்றார். அதே இந்தோனேசியாவில் நஹ்லத்துல் உலமா என்ற மாபெரும் மார்க்க அமைப்பு 2019இல் கூடி, நாட்டின் முஸ்லிம் அல்லாதவர்களைக் காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று அழைக்க வேண்டாம், அவர்கள் குடிமக்கள் என்று முடிவெடுத்தது. மார்க்கம் கற்ற உலமாக்கள் எடுத்த முடிவு என்பதால் எனக்கு இதன் மேல் தனி மதிப்பு உண்டு.

நீதிமன்றம் பற்றி ஒரு வழக்கு சொல்கிறேன். மலேசியாவில் ஒரு தமிழ்த் தாய். கணவர் 2009இல் மதம் மாறி, அவருக்குத் தெரியாமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றிப் பதிவு செய்துவிட்டார். கடைசிக் குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். இது ஷரியா நீதிமன்றத்தின் விஷயம், பொது நீதிமன்றம் தலையிட முடியாது என்ற வாதத்தை எதிர்த்து அந்தத் தாய் ஆண்டுக்கணக்காகப் போராடினார். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும், இதை ஆராயும் அதிகாரம் பொது நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2018 ஜனவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் கழித்தும் அவர் கடைசி மகளைத் தேடிக்கொண்டிருந்தார். தீர்ப்பைச் செயல்படுத்த வேண்டிய காவல்துறையும் குடியுரிமையின் ஒரு பகுதிதான் என்பதை இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

கல்வி பற்றி நீங்கள் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. புரட்சிக்குப் பின் ஈரானில் பெண் கல்வி வேகமாகப் பரவியது. 2000களில் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சட்டம் அதைப் பார்த்துத் தானாக மாறவில்லை. மாறாக 2012இல் பல பல்கலைக்கழகங்கள் சில பாடப்பிரிவுகளில் பெண்களைச் சேர்ப்பதை நிறுத்தின. பாகிஸ்தானில் கதை வேறு. பிற மதப் பாடத்தைக் கற்க எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் உருது, ஆங்கிலப் பாடநூல்களுக்குள்ளேயே மதப் பாடங்கள் வந்துவிடுகின்றன. இந்து, கிறிஸ்தவக் குழந்தைகளும் அவற்றைப் படித்தே தேர்வு எழுத வேண்டியிருக்கிறது.

மெல்ல வரட்டும் என்கிறீர்களே, அதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஈரான் அரசியலமைப்பு ஜொராஸ்ட்ரியர், யூதர், கிறிஸ்தவர் ஆகிய மூவரை மட்டுமே சிறுபான்மையினராக ஏற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானில் தோன்றிய பஹாய் சமயத்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. பஹாய் என்று தெரிந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்க வேண்டும் என்ற அரசு ஆவணம் 1991இல் உருவானது. அதற்கு முன்பே, 1987இல், வாசல் அடைபட்ட பஹாய்கள் வேலை பறிபோன பேராசிரியர்களை வைத்து வீடுகளில் உயர்கல்வி வகுப்புகள் தொடங்கியிருந்தார்கள். 1998இலும் 2011இலும் அந்த வீடுகளில் சோதனை நடந்தது, பாடம் நடத்தியவர்கள் சிறைக்குப் போனார்கள். அன்று இடம் மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரி வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் அவசரப்படாதீர்கள் என்று சொல்ல என்னால் முடியாது.