தோட்ட விருந்தில் கலகலப்பு: வாசகர் கேள்வி, எமது பதில்

கேள்வி: வரும் வசந்த காலத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஏறத்தாழ 60 பேருக்கு விருந்து வைக்கவிருக்கிறோம். உறவினர், அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார் எனப் பலரும் வருவார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்களே அதிகம். வேடமணிந்து விருந்தினரிடையே நடமாடி வேடிக்கை செய்யும் வரவேற்பாளர்களை அமர்த்தலாம் என்கிறார் என் கணவர். அது அசட்டுத்தனமாக முடிந்துவிடுமோ என்று எனக்குத் தயக்கம். தங்கள் கருத்து என்ன? (ஒரு வாசகி)

பதில்: தாராளமாக அமர்த்தலாம். ஆனால், தேர்ந்தெடுப்பதற்கு முன், அவர்கள் செய்ய வேண்டிய வேலை என்ன என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும். திறந்த வெளியில் தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடு நிழலில் ஒதுங்கிவிடுவதும், தனியாக வந்தவர் கையில் குவளையோடு பூச்செடிகளைச் சுற்றி வருவதும் எல்லா விருந்துகளிலும் காணும் காட்சி. அறிமுகமில்லாத இருவரைப் பேச வைத்துவிட்டு, தாம் மெல்ல நழுவிவிடுபவரே நல்ல வரவேற்பாளர். கூட்டம் முழுவதையும் தம் பக்கம் திருப்பிக்கொள்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவருக்குரிய இடம் மேடை.

எடுத்துக்காட்டாக, தன் வேலையில் அளவுக்கு மீறிய அக்கறை கொண்ட தோட்டக்காரராக ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாத்தியை அளக்க வேண்டும் என்று சொல்லி, சணல் கயிற்றின் ஒரு முனையை உங்கள் அத்தையிடமும் மறுமுனையை அலுவலக நண்பர் ஒருவரிடமும் கொடுக்கிறார். கயிறு தொய்ந்துவிடக் கூடாது என்று இருவரையும் கண்டிப்பாக எச்சரிக்கிறார். பிறகு கத்தரிக்கோலை மறந்துவிட்டதாகத் தலையில் அடித்துக்கொண்டு போனவர் திரும்பி வருவதேயில்லை. கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் இருவரும் சிரித்துக்கொண்டே பேசத் தொடங்குவதைத் தவிர வேறென்ன செய்வார்கள்? இதற்கு ஒலிபெருக்கியும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.

60 பேருக்கு இருவர் போதும். ஒருவர் தனியாக வந்தால் எப்போதும் ஒரு விருந்தினரைப் பிடித்துக்கொண்டுதான் வேடிக்கை செய்ய முடியும். இருவராக வந்தால் தங்களுக்குள்ளேயே வாக்குவாதம் செய்துகொள்ளலாம், கூச்சமுள்ளவர்கள் தள்ளி நின்று ரசிக்கலாம். விருந்தினர் வரத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் அவர்கள் மிகவும் தேவை. உணவு பரிமாறும்போது அவர்களை ஓய்வெடுக்க விட்டுவிடுங்கள். தட்டும் கையுமாக இருப்பவரிடம் வேடிக்கை செய்வது தொல்லையாகவே முடியும்.

முகம் முழுவதையும் மறைக்கும் வேடங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அருகில் வரும்போது குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களில் சிலரும் மிரள்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தோன்றிய முகமூடி நகைச்சுவை நாடகங்களில்கூட, நடிகர்கள் தெளிவாகப் பேசுவதற்கு வசதியாக, பெரும்பாலான முகமூடிகள் முகத்தின் மேல்பாதியை மட்டுமே மறைத்தன. பொய்க்கால் நடையாளர்கள் வாசலில் கம்பீரமாகத்தான் இருப்பார்கள். ஆனால் வசந்த கால மழையில் ஊறிய புல்தரையில் பொய்க்காலின் சிறிய அடிப்பாகம் புதைந்துவிடும். காற்று வீசினாலும், தாழ்ந்த கிளைகளும் தொங்கவிட்ட விளக்குச் சரங்களும் குறுக்கிட்டாலும் ஆபத்து கூடும். கல்பாவிய உறுதியான தரை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

வரவேற்பாளர்களிடம் முன்கூட்டியே பேசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். அண்மையில் துக்கம் நேர்ந்தவர், காது மந்தமானவர், தொட்டுப் பேசுவதை விரும்பாதவர் யார் யார் என்பதைச் சொல்லிவிடுங்கள். உடல்வாகு, வயது, திருமணம், குழந்தைப்பேறு ஆகியவை பற்றிய கேலி அறவே கூடாது என்பதையும் சொல்லுங்கள். இந்த நிபந்தனையைக் கேட்டு முகம் சுளிப்பவர் உங்களுக்கு ஏற்றவர் அல்லர். நறுக்கித் தொகுத்த விளம்பரக் காணொளியை நம்பாமல், வெட்டாத ஐந்து நிமிடப் பதிவு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் கலைஞரைக் காட்டிலும் விருந்தினரின் முகங்களைக் கவனியுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நேரம், இடைவேளை, மழை வந்தால் மாற்று ஏற்பாடு, ரத்து செய்தால் முன்பணம் என்னவாகும், விபத்துக் காப்பீடு உண்டா ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். உடை மாற்றிக்கொள்ள ஒரு தனி அறையும் குடிநீரும் தருவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: பணம் கொடுத்து ஆள் அமர்த்துவதற்குப் பதிலாக, நகைச்சுவையாகப் பேசும் என் மைத்துனரிடமே இந்தப் பொறுப்பை ஒப்படைத்தால் என்ன? (அதே வாசகி)

பதில்: செலவு மிச்சம்தான். ஆனால் அன்று அவர் விருந்தாளியாக இருக்க முடியாது. சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது. மேலும், முன்பின் அறியாத கலைஞர் செய்யும் கேலியை மறுநாளே மறந்துவிடும் உறவினர்கள், மைத்துனர் செய்த கேலியை அடுத்த விசேஷம் வரைக்கும் நினைவில் வைத்திருப்பார்கள். வாசலில் நின்று வருபவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, கலைஞர்களிடம் கைகாட்டி விடும் வேலையை அவருக்குக் கொடுங்கள். யார் யாருக்கு யாரைத் தெரியாது என்பது அவருக்குத்தானே தெரியும்.