தனக்குத்தானே பேசிக்கொள்வது நோயா?

கேள்வி: எனக்கு வயது 34. வேலை பார்க்கும்போது என்னையறியாமல் வாய்விட்டுப் பேசிவிடுகிறேன். "சரி, அடுத்து அந்த மெயில்" என்று தொடங்கி, என்றைக்கோ நடந்த சண்டைக்குப் பதில் கொடுப்பது வரை போகிறது. பக்கத்து இருக்கைக்காரர் "யாரோட பேசுறீங்க?" என்று கேட்டதும் கூசிப்போனேன். இது மனநோயின் தொடக்கமா? எப்படி நிறுத்துவது?

பதில்: நீங்கள் சொல்வதில் இரண்டு வகைப் பேச்சு கலந்திருக்கிறது. முதலாவதை நிறுத்தவே வேண்டாம்.

நான்கு வயதுக் குழந்தை விளையாடும்போது கவனியுங்கள். "இத இங்க வைக்கணும்... இல்ல, அந்தப் பக்கம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டிருக்கும். வளர வளர இது உதிர்ந்துவிடும் என்று நினைத்தார் சுவிஸ் உளவியலாளர் பியாஜே. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) அதை மறுத்தார்: பேச்சு மறைவதில்லை, உள்ளே போய்ச் சிந்தனைக்குக் கருவியாகிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான். வேலை சிக்கலானால் பெரியவர்களுக்கும் அது மறுபடி உதட்டுக்கு வந்துவிடும். ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்கிறார்கள். கவனம் சிதறாமல் இருக்கவே இந்த நடைமுறை. அவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை!

பழைய சண்டைக்குப் பதில் கொடுப்பது வேறு. அதுவும் நோயல்ல, எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரே வசனம் நாள் முழுக்க ஓடினால், கோபம் ஆறுவதற்குப் பதில் கிளறப்படுகிறது. அப்போது "நான் ஏன் சும்மா இருந்தேன்?" என்பதை விட்டுவிட்டு, உங்கள் பெயரைச் சொல்லி அழைத்து "இப்ப நீ என்ன செய்யப்போற?" என்று மனதுக்குள் கேளுங்கள். நாடகம் மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் அமெரிக்க உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், இப்படித் தன்னைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மேடைப்பேச்சு போன்ற நெருக்கடிகளைப் பதற்றம் குறைவாகச் சமாளித்தார்கள். அதன் பிறகும் அடங்காவிட்டால், சொல்ல நினைத்ததை ஒரு தாளில் எழுதித் தள்ளுங்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை எது? பேசுவது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரிகிறது. அப்படியில்லாமல் வேறு யாரோ பேசுவதாகக் கேட்டாலோ, அந்தக் குரல் உத்தரவிட்டாலோ, திட்டினாலோ தாமதிக்க வேண்டாம். பேச்சு முழுக்கத் தன்னையே பழிப்பதாக இருந்து, தூக்கமும் கெட்டால் அப்போதும் போய்ப் பாருங்கள்.

பக்கத்து இருக்கைக்காரரிடம், "யோசிக்கும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது, தொந்தரவா இருந்தா சொல்லுங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.