பழைய கைக்கடிகாரங்களைப் பழுது பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ளலாமா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிகிறது, உங்கள் வீட்டு பீரோவில் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்று கிடக்கிறது. தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வாட்சை மட்டும் தொடாதீர்கள். நான் தொட்டேன்.

என் அப்பாவுடையது எச்.எம்.டி. ஜனதா, 17 கல் (உள்ளே சக்கரங்கள் தேயாமல் சுழல வைக்கிற குட்டிக் கற்கள்). மதுரை திருநகர் வீட்டில் தினமும் காலை ரேடியோவில் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரிபார்த்துவிட்டுச் சாவி கொடுப்பார். அவர் போன பிறகு அது துணிக்கு அடியில் கிடந்தது. 2020 ஊரடங்கில் நாலு வீடியோ பார்த்த தைரியத்தில், மூக்குக்கண்ணாடித் திருகு முடுக்குகிற ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரத்தைக் கழற்றும்போதே ட்வீசர் நுனி அதோடு சேர்ந்த ஹேர் ஸ்பிரிங்கில் பட்டுவிட்டது. முடியைவிட மெல்லிய கம்பி அது. சுருள் சுருளாக அழகாக இருந்தது ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அதோடு விட்டேனா? ஓடுகிறதா என்று பார்க்க முழுச் சாவி கொடுத்து வைத்திருந்ததை மறந்து சக்கரங்களை விட்டுவிட்டுப் பிடிக்கிற பேலட் ஃபோர்க்கையும் தூக்கினேன். சக்கரங்களைத் தடுத்துப் பிடிக்க எதுவுமில்லாமல் மொத்த முறுக்கும் சர்ரென்று அவிழ்ந்தது. ஒரு திருகு தெறித்து எங்கேயோ போனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

கடைகள் திறந்ததும் டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு பெரியவரிடம் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். லென்ஸை மாட்டி ஒரு பார்வைதான் பார்த்தார். "பவரை இறக்காமக் கழட்டுனீகளா தம்பி?" என்றார். முதலில் கிளிக் என்கிற குட்டிக் கொக்கியை விலக்கி, சாவியை விரலில் பிடித்தபடி மெதுவாகத் திரும்பவிட்டு முறுக்கை இறக்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. செத்துப்போன வேறொரு ஜனதாவிலிருந்து பேலன்ஸை எடுத்துப் போட்டதற்கு மட்டும் 450 ரூபாய்.

"ஜனதா என்ன பெரிய வாட்சா, சல்லிசாகக் கிடைக்குமே" என்று யாராவது கமென்டில் வருவீர்கள். கிடைக்கும். ஆனால் எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூடுவதாக அரசு 2016இல் முடிவெடுத்தாயிற்று. ஒன்றுக்கு ஸ்பேர் வேண்டுமென்றால் இன்னொன்றை அறுக்க வேண்டும். அப்புறம், இணையத்தில் பளபளவென்று புது டயலோடு வருபவை பெரும்பாலும் பெயின்ட் அடித்தவை. உள்ளே எது எதனுடையது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அறுத்துப் பழக அது போதும், ஆசையாகக் கட்டிக்கொள்ள வாங்காதீர்கள்.

அதனால் முதலில் ஓடுகிற மலிவான வாட்ச் ஒன்று வாங்குங்கள். ஓடாததை வாங்கினால் கெட்டது அதுவா நீங்களா என்று தெரியாது. கழற்றுகிற ஒவ்வொரு படியிலும் செல்போனில் படம் எடுங்கள். ஃபேனை அணைத்துவிட்டு, வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். எண்ணெய் ஊசிமுனை அளவு. தேங்காய் எண்ணெய் விட்டவரையும் எனக்குத் தெரியும், சொந்தக்காரர்தான். 1960களுக்கு முந்தைய ஸ்விஸ் வாட்சில் இருட்டில் மின்னுவதற்கென்று பூசிய பூச்சு இருந்தால், இப்போது மின்னாவிட்டாலும், அது ரேடியமாக இருக்கலாம், சுரண்டவே கூடாது. நான் தொழில்காரன் இல்லை. தெரிந்தவர்கள் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 24 வருடம் வேலை பார்த்த இடத்தில் விடைபெறும்போது எனக்கு ஒரு பிளாஸ்டிக் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதில் என் இனிஷியலைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். 24 வருடம் சம்பளப் பட்டியலில் சரியாகத்தானே இருந்தது? அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது ஏழெட்டு வாட்ச் பிரித்து மாட்டியாயிற்று, மூன்று ஓடவில்லை. அப்பாவின் ஜனதா ஓடுகிறது, நாளுக்கு ஒன்றரை நிமிடம் வேகமாக. பெரியவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பழைய பேலன்ஸ் மாத்திரை டப்பாவில் இருக்கிறது. அந்தக் கம்பியை நிமிர்த்தும் அளவுக்குக் கை இன்னும் வரவில்லை.