அந்த மூன்று வாக்கியங்கள்

கேள்வி: நான் சிறுகதை எழுதுகிறவள். இதுவரை மூன்று கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. மூன்றாவது கதையில், இறந்துபோன அப்பாவின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை மகள் கவனிப்பதாக ஒரு காட்சி வருகிறது. அதைப் படித்த ஒருவர் பழைய நாவல் ஒன்றின் பெயரைச் சொல்லி, “அங்கே இருப்பதுதானே இது?” என்று கேட்டு எழுதினார். தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்று வாக்கியங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. பதினாறு வயதில் படித்த நாவல். எழுதும்போது அது நினைவிலேயே இல்லை. “கம்பனே வால்மீகியிடம் எடுத்தவர்தான், விட்டுத் தள்ளு” என்கிறாள் தோழி. என்னால் முடியவில்லை. இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. நான் செய்தது திருட்டா? இனிப் படிப்பதையே நிறுத்திவிட வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கதையையும் நாவலின் அந்தப் பக்கங்களையும் நகலெடுத்து அனுப்பியிருந்தீர்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தேன். அந்த மூன்று வாக்கியங்கள் உங்களுடையவை அல்ல. நீங்கள் திருடவும் இல்லை. இரண்டுமே உண்மை என்பதை ஏற்றுக்கொள்வதுதான் இப்போது உங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

ஹெலன் கெல்லருக்கு இது பதினோரு வயதில் நேர்ந்தது. பார்வையும் கேட்கும் திறனும் இழந்த அந்தச் சிறுமி 1891-இல் உறைபனியின் அரசனைப் பற்றி ஒரு கதை எழுதி, பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அவர் மகிழ்ந்துபோய் அதை அச்சிட்டார். மார்கரெட் கேன்பி என்ற எழுத்தாளர் முன்பே எழுதியிருந்த ஒரு கதையோடு அது மிக நெருக்கமாக ஒத்திருப்பது பிறகுதான் தெரியவந்தது. கேன்பியின் கதையை யாரோ அவள் கையில் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். படித்துக் காட்டியது மறந்துவிட்டது, கதை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. பள்ளியில் குழு அமைத்து அவளை விசாரித்தார்கள். பதினோரு வயதுக் குழந்தையை! அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. அதன் பிறகு அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதுகூடத் திடீரென்று அச்சம் பற்றிக்கொள்ளும், இதை எங்காவது புத்தகத்தில் படித்திருப்பேனோ என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பத் திரும்ப உரசிப் பார்ப்பேன் என்று பின்னாளில் அவர் எழுதினார். உங்கள் இரண்டு மாத மௌனமும் இந்த அச்சம்தான். ஆனால் அவர் படிப்பதை நிறுத்தவில்லை. 1903-இல் வெளிவந்த தன்வரலாற்றில் நடந்தது முழுவதையும் தாமே முன்வந்து சொன்னார். யாரும் அவரைத் தோண்டிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் தோழி நல்ல மனத்தோடுதான் கம்பரைத் துணைக்கு அழைத்திருக்கிறார். ஆனாலும் அந்த ஆறுதலை நான் ஏற்கமாட்டேன். வடமொழியில் இக்கதை செய்தவர் மூவர், அவர்களுள் முந்தியவரின் உரைப்படியே தாம் தமிழில் சொல்வதாகக் கம்பர் தொடக்கத்திலேயே பாடிவிடுகிறார். யாரிடம் பெற்றோம் என்பதை மறைக்க அவருக்குத் தேவையே இல்லை. ஏனென்றால் பெற்றதை வைத்து அவர் செய்தது வேறு. வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரில் அவளைத் தீண்டாமல், குடிலோடு நிலத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறான். அந்த ஒரு மாற்றத்தால் காட்சியின் அச்சமும் எடையும் எவ்வளவு மாறிவிடுகின்றன என்று பாருங்கள். இரணியன் வதையை எடுத்துக்கொண்டால், வால்மீகியில் அப்படியொரு படலமே கிடையாது.

இலக்கண நூலான நன்னூல் இதற்கு ‘வழிநூல்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்’ என்கிறது. சிறுகதைக்காக எழுதிய சூத்திரம் இல்லைதான். ஆனாலும் ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ என்ற தொடரை நான் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன். பின்னால் வருகிறவர் தாம் வேண்டிச் செய்யும் வேறுபாடு. அசல் எது என்று கேட்கும்போதெல்லாம் நான் தேடுவது அதைத்தான். முன்னோர் சாயலே படாத எழுத்தைத் தேடி நான் மெனக்கெட்டதில்லை. அப்படி ஒன்றை இதுவரை பார்த்ததும் இல்லை.

சொற்களையே அப்படியே எடுத்தாலும் எடுக்கும் முறை ஒன்று உண்டு. மணிமேகலையில் ‘பெய்யெனப் பெய்யும் பெருமழை’ என்று குறளை எடுத்தாளும் சாத்தனார், உடனே ‘என்றஅப் பொய்யில் புலவன் பொருளுரை’ என்று உரியவருக்கு வணக்கம் செலுத்திவிடுகிறார். ரோமானியக் கவிஞர் ஓவிட், தமக்கு முந்தைய கவிஞரான வர்ஜிலின் தொடர் ஒன்றை எடுத்தாண்டதைப் பற்றி அக்கால ரோமானிய எழுத்தாளர் மூத்த செனெக்கா ஒரு குறிப்பை விட்டுச் சென்றிருக்கிறார்: களவாட எடுக்கவில்லை, வெளிப்படையாகக் கடன் வாங்கினார், படிப்பவர்கள் அதைக் கண்டுகொள்ள வேண்டும் என்றே விரும்பினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குறிப்பை உங்கள் கதைக்குப் பொருத்திப் பாருங்கள். வாசகர் கண்டுகொண்டபோது நீங்கள் மகிழவில்லை, கலங்கிப்போனீர்கள். ஆகவே அந்த வாக்கியங்கள் அங்கே இருக்கக் கூடாது.

சட்டமும் பொதுவாக இந்தக் கோட்டைத்தான் போடுகிறது: கருத்து யாருக்கும் தனியுரிமை இல்லை, அதைச் சொன்ன சொல்வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். நாவலில் மகன் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துத் தன் கையில் கட்டிக்கொள்கிறான். உங்கள் கதையில் மகள் சாவி கொடுக்கவில்லை. அது தானாக நிற்கும் வரை இரவு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த இரவு வேறு யாரிடமிருந்தும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதில் ஓசையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது, கடன் வந்த மூன்று வாக்கியங்களைவிட நன்றாக இருக்கிறது. உங்களை உற்சாகப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன், கதை எங்கும் சரியவில்லை.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதுங்கள். எந்த மூன்று வாக்கியங்கள், எந்த நாவல், எப்போது படித்தீர்கள், எப்படித் தெரியவந்தது என்பவற்றை மட்டும் சொன்னால் போதும். அடுத்த இதழில் ஒரு குறிப்பு வெளியிடும்படி கேளுங்கள். மன்றாட வேண்டாம். சுட்டிக்காட்டிய வாசகருக்கும் ஒரு வரி நன்றி எழுதுங்கள். அவ்வளவு கவனமாகப் படிக்கும் ஒருவர் கிடைப்பது அரிது. நாவலாசிரியர் உயிரோடு இருந்தால் அவருக்கும் தெரிவித்துவிடுங்கள்.

படிப்பதை நிறுத்த வேண்டாம். அதற்குப் பதிலாக, படித்ததில் பிடித்த வரிகளுக்கு ஒரு தனி நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு வரியையும் மேற்கோள் குறிக்குள் எழுதி, நூலின் பெயரையும் பக்க எண்ணையும் குறித்துவிடுங்கள். உங்கள் சொந்த வரிகளை அந்த நோட்டில் எழுதாதீர்கள். மறதிதான் உங்களை மாட்டிவிட்டது. அதற்கு எதிராக மனிதர்களிடம் இருப்பது இந்த அளவு ஏற்பாடுதான்.

ஆசிரியருக்கான கடிதம் இந்த வாரமே போகட்டும். அது போன பிறகு, அந்தக் கதையை மகள் உட்கார்ந்திருக்கும் இரவிலிருந்து தொடங்கி மறுபடி எழுதிப் பாருங்கள்.