பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு பயணம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு வெளிநாட்டில் வேலை உறுதியாகிவிட்டது. இன்னும் நான்கு மாதத்தில் கிளம்ப வேண்டும். நான் போன மாதம் வேலையை விட்டேன். போவதற்கு முன் ஆறு வாரம் இருவரும் ஊர் சுற்றிவிட்டு வரலாம் என்கிறார் அவர். ஒன்பது ஊர்களுக்குப் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார். “எப்படியும் வெளிநாட்டில்தானே இருக்கப் போகிறீர்கள், அதற்குள் எதற்கு இந்தச் செலவு?” என்கிறார் அம்மா. எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. எதற்குப் பயம் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. போகலாமா? போனால் எப்படிப் போவது? அம்மாவிடம் என்ன சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

போய்விட்டு வாருங்கள். ஆனால் ஆறு வாரமும் வேண்டாம், ஒன்பது ஊரும் வேண்டாம். மூன்று வாரம், இரண்டு ஊர். மிஞ்சிப்போனால் மூன்று.

ஒன்பது ஊர் என்றால் தினமும் ஒரு வேலை இருக்கும். ரயிலைப் பிடிக்க வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும். உங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு வேலை நின்றுகொண்டிருக்கும். போகிற நாட்டில் முதல் சில மாதங்கள் அப்படி இருக்காது. அவர் வேலைக்குப் போய் வந்த பிறகும் விடுமுறை நாட்களிலும் உங்களுக்கு அவர், அவருக்கு நீங்கள், அவ்வளவுதான். கதவைத் தட்ட ஆள் இருக்காது. அந்த மாதிரி ஒரு வெறும் நாளில் நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம் வேண்டும் என்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நாடு மாறியபோது நானும் என் கணவரும் இப்படி ஒரு பயணம் போனோம். ஒரு மலையூரில் நான்கு நாள் விடாத மழை. அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, முழுதாக மூடாத ஒரு சன்னல். முதல் நாள் பேசிப் பேசியே போய்விட்டது. இரண்டாம் நாள் மதியம் அவர் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. என்ன கேட்டாலும் “ம்” என்ற ஒரே பதில். என் மேல் கோபம் என்று நினைத்தேன். என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அழுதுவிட்டேன். அப்போதுதான் நாற்காலியைத் திருப்பினார். “எனக்கு ஒன்றுமில்லை. தினமும் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருந்தால் போதும்” என்றார்.

அதற்கு முன் மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எனக்கு இது தெரியவே தெரியாது. வீட்டில் அவர் அந்த நேரத்தை மொட்டை மாடியில் நடந்து கழித்திருக்கிறார். நான் அதே நேரத்தில் யாரோடாவது போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வீடு பெரிதாக இருந்ததால் எங்களுக்குள் இருந்த இந்த வித்தியாசம் மறைந்தே இருந்தது.

புது நாட்டில் எங்கள் முதல் வீட்டில் தரையில் ஒரு மெத்தை, ஒரு விளக்கு, பிரிக்காத பெட்டிகள். மூன்றாவது வாரம் ஒரு மாலை அவர் பெட்டி மேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைத் தரையில் போய் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். முக்கால் மணி நேரம் கழித்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மலையூர் மழை இல்லாமல் இருந்திருந்தால் அந்த மாலையும் அழுகையில்தான் முடிந்திருக்கும்.

கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் பண்பாட்டு அதிர்ச்சி பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அயல்நாட்டில் குடியேறுபவர்கள் கடக்கும் கட்டங்களை அதில் வரிசைப்படுத்தினார். முதல் கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் தேனிலவு. எல்லாமே அழகாகத் தெரியும் அந்தக் கட்டம் சில நாட்களிலும் முடியலாம், 6 மாதம் வரையும் நீளலாம் என்றார். அதற்கு அப்புறம் வருவதுதான் கஷ்டம். அதன் அறிகுறிகளாக அவர் சொன்னவை மிகச் சாதாரணமானவை: அடிக்கடி கை கழுவுவது, குடிக்கிற தண்ணீரைப் பற்றி ஓயாத கவலை, சின்னத் தாமதத்துக்கெல்லாம் பொங்கி வரும் கோபம், எங்கோ வெறிக்கும் பார்வை. இவை வரும்போது இது இடம் மாறியதால் வந்தது என்று நமக்குத் தோன்றாது. கூட இருப்பவர் மாறிவிட்டார் என்றுதான் தோன்றும். அவருடைய வழக்கமான மௌனம் எது, புது மௌனம் எது என்று பிரித்துப் பார்க்க, வழக்கமானது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே!

போகிற நாட்டுக்கே முன்கூட்டிப் போய்ச் சுற்றிப் பார்க்கலாமா என்று உங்கள் கணவர் கேட்டால் வேண்டாம் என்பேன். விடுதி அறையிலிருந்து பார்க்கும் ஊர் வேறு, வாடகை கட்டி இருக்கும் ஊர் வேறு. வேறு எங்காவது போங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். “நான் போன மாதம் வேலையை விட்டேன்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். உங்கள் பயம் அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அங்கே வேலை அவர் பெயரில், விசா அவரைச் சார்ந்தது. வாடகை ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் முதலில் அவர் பெயரில்தான் வரும். கையில் சொந்தச் சம்பளம் வைத்திருந்த பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. துணையாகப் போகிறவர் வேலை செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு, விசாவுக்கு விசா மாறும். இன்றைக்கே உட்கார்ந்து, அந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே தேடிப் படியுங்கள். அவர் படித்துச் சொல்லட்டும் என்று விடாதீர்கள்.

பயணத்திலும் இதைப் பழகுங்கள். ஒரு ஊருக்கு டிக்கெட், அறை, பணம், வழி எல்லாம் உங்கள் பொறுப்பு. அடுத்த ஊருக்கு அவர் பொறுப்பு. நீங்கள் வழி தவறினால் அவர் போனை எடுத்து வழி பார்க்கக்கூடாது, நீங்களே கண்டுபிடிக்கும் வரை கூட நடக்க வேண்டும். கிளம்பும் முன்பே இதை அவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் இருவர் பெயரிலும் கணக்குத் தொடங்குவதைப் பற்றியும் இந்தப் பயணத்திலேயே பேசிவிடுங்கள். வீட்டில் பேச ஆரம்பித்தால் கணக்குக் கேட்பது போல ஆகிவிடும். நீண்ட தூரம் நடக்கும்போது இதையெல்லாம் பேசுவது சுலபம்.

காகித வேலைகளை மட்டும் முதலில் முடியுங்கள். விசா பரிசீலனையில் இருக்கும்போது பல நாடுகள் பாஸ்போர்ட்டைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும். அப்படியானால் அந்த நாட்களில் எல்லை தாண்ட முடியாது, உள்நாட்டில்தான் சுற்ற முடியும். பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. மருத்துவச் சான்றுகளுக்கும் ஆயுள் உண்டு: கனடா குடியேற்றத்துக்கான பரிசோதனை 12 மாதம் செல்லும், பிரிட்டன் கேட்கும் காசநோய்ச் சான்று 6 மாதம்தான். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் கல்யாணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (அது அரசு கொடுத்த ஆவணம்தான் என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் முத்திரை) கேட்கக்கூடும், அதையும் விசாரித்து வையுங்கள். மூலச் சான்றிதழ் எதுவும் பயணப் பையில் ஏறக்கூடாது. எந்த ஊருக்கு எந்தத் தேதியில் போனீர்கள், எப்போது திரும்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடந்த 10 ஆண்டுப் பயணங்களைக் கேட்கும் விசா விண்ணப்பங்கள் உண்டு. அப்போது அந்த நோட்டு கைகொடுக்கும்.

பணத்தில் உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. புது நாட்டில் முதல் சம்பளம் பெரும்பாலும் மாதம் முடிந்த பிறகுதான் வரும். இங்கே இத்தனை வருடம் ஒழுங்காகக் கடன் கட்டியது அங்கே பெரும்பாலும் கணக்கில் வராது, அதனால் வீட்டுக்காரர் கூடுதலாக முன்பணம் கேட்கலாம். மூன்று மாத வீட்டுச் செலவையும் முன்பணத்தையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் போங்கள். மிச்சம் ஒரு வாரத்துக்குத்தான் வருகிறதென்றால் ஒரு வாரம் போங்கள், போதும். கடன் வாங்கி மட்டும் போகாதீர்கள்.

அம்மா சொன்ன ‘செலவு’ என்ற சொல்லிலேயே நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பழந்தமிழில் செலவு என்றால் பயணம். அகப்பாடல்களில் செலவழுங்கல் என்று ஒன்று வரும். பிரிந்து போகக் கிளம்பியவன் போகாமல் தயங்கி நிற்பது. அது போகாமலே இருந்துவிடுவது இல்லை, வீட்டில் இருப்பவளைத் தேற்றிவிட்டுப் போவதற்காக நிற்பது என்று பழைய இலக்கணம் சொல்கிறது. உங்கள் அம்மா பேசுவது பணத்தைப் பற்றி மட்டும் இல்லை, ம. இருக்கிற நாலு மாதத்தில் ஆறு வாரத்தை நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அவர் அதையும் சேர்த்துத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

அதனால் அவரிடம் கிளம்பும் தேதியை முதலில் சொல்லாதீர்கள். திரும்பி வரும் தேதியைச் சொல்லுங்கள். பயணத்தில் குறைத்த மூன்று வாரத்தில் பத்து நாளை அவருக்குக் கொடுங்கள். அவர் வீட்டில், அவரோடு, பெட்டி கட்டும் வேலை எதையும் அந்த நாட்களில் வைத்துக்கொள்ளாமல். உங்கள் கணவருடைய பெற்றோருக்கும் அதே மாதிரி சில நாள். காலண்டரை எடுத்துப் போய் அம்மா முன்னால் வைத்து, அந்தப் பத்து நாளை அவர் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். பயணத் தேதியை அதற்குப் பிறகு குறித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா