ரத்தமாகக் கழியும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குப் பூச்சி மருந்து கேட்குமா?

முதலில் அந்தப் பூச்சி மருந்தை, அதாவது குடற்புழு மருந்தை, எடுத்து ஓரமாக வையுங்கள். ஐந்து வாரக் குஞ்சுகள், மழை விட்ட வாரம், ரெக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் குவிந்து நிற்கின்றன, எச்சத்தில் ரத்தம், கடையில் கொடுத்த பூச்சி மருந்தை ஊற்றியும் நாலைந்து செத்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். இது புழு இல்லைங்க, ரத்தக்கழிச்சல். எய்மீரியா என்ற ஒட்டுண்ணிதான் காரணம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி, குடல் சுவருக்குள் புகுந்து பெருகி, சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. ரத்தம் அங்கிருந்துதான். அல்பெண்டசோலோ பைப்பரசினோ எவ்வளவு ஊற்றினாலும் இதற்குக் கேட்காது. எங்கள் பக்கம் எந்தக் கழிச்சலுக்கும் பூச்சி மருந்து என்று ஒரு பழக்கம் இருக்கிறது, அதனாலேயே பாதிக் குஞ்சுகள் போகின்றன.

சந்தேகமாக இருந்தால் கையில் உறை போட்டுக்கொண்டு, அன்று செத்த குஞ்சு ஒன்றின் வயிற்றை பிளேடால் திறந்து பாருங்கள். சிறுகுடல் முடிகிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளப் பைகள் இருக்கும், அதுதான் குருட்டுக்குடல். நோயில்லாத குஞ்சுக்கு ஒல்லியாக, பச்சையும் பழுப்புமாகத் தெரியும். ரத்தக்கழிச்சலில் செத்ததற்கு இரண்டும் உப்பி, கருஞ்சிவப்பாகி, கீறினால் ரத்தக்கட்டி வரும். சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்து செத்ததாக இருந்தால் உள்ளே வெளிறிய கட்டி அடைத்திருக்கும். அப்படிப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கழிச்சல் ரத்தமில்லாமல் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்து, மூச்சு இழுப்பும் கழுத்து முறுக்கலும் சேர்ந்தால் அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட். வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது, முன்கூட்டிப் போடும் தடுப்பூசி மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் குழம்பினால் செத்த குஞ்சை பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். அழுகவிட்டுக் கொண்டுபோனால் பிரயோஜனம் இல்லை.

மருந்து ஆம்ப்ரோலியம். 20 சதவீதத் தூளாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் குடிதண்ணீருக்கு 1.2 கிராம் என்று கலந்து 3 முதல் 5 நாள், பிறகு அளவைக் குறைத்து லிட்டருக்கு 0.3 கிராம் என்று இன்னும் ஒரு வாரம் பத்து நாள். டப்பாவில் எத்தனை சதவீதம் என்று பார்த்துவிட்டுக் கலக்குங்கள், எல்லாத் தயாரிப்பும் ஒரே வீரியம் இல்லை. தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். அந்த நாட்களில் வேறு தண்ணீர் கண்ணிலேயே படக்கூடாது. வீட்டோரக் கோழியில் இதுதான் பெரிய பாடு. நீங்கள் மருந்துத் தண்ணீரை வைத்துவிட்டு வந்தால் குஞ்சு கட்டுத்தரையில் மாட்டு மூத்திரம் கலந்த குட்டையில் போய்க் குடித்துக்கொண்டிருக்கும். அதனால் மருந்து முடியும்வரை குஞ்சுகளை வெளியே விடாமல் அடைத்தே வையுங்கள். குடிக்கத் தெம்பில்லாததற்கு டிராப்பரில் சொட்டுச் சொட்டாக அலகோரம் விடுங்கள், தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறிவிடும்.

கழிகிற குஞ்சுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா என்றால் போதாது. ஒட்டுண்ணி உள்ளே போய் நாலைந்து நாள் கழித்துத்தான் ரத்தம் வெளியே தெரியும். இன்று நன்றாக ஓடியாடுகிற குஞ்சு நாளைக்குக் கழியப் போகிறது, மருந்து அதற்குத்தான் அதிகம் வேலை செய்யும். ஏற்கெனவே தலை தொங்கியதில் சிலது எப்படியும் போகும், மருந்து சரியில்லை என்று நடுவில் மாற்றாதீர்கள். இன்னொன்று, பி காம்ப்ளக்ஸ் டானிக் ஊற்றுவதை மருந்து முடியும்வரை நிறுத்துங்கள். ஆம்ப்ரோலியம் பார்வைக்கு பி1 வைட்டமின் மாதிரியே இருந்து ஒட்டுண்ணியை ஏமாற்றிப் பட்டினி போடுகிற மருந்து, நீங்கள் உண்மையான பி1-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் ஏமாற்று பலிக்காது. வைட்டமின் கே கொடுக்கலாம், ரத்தம் உறைய உதவும்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். எங்கள் அம்மிச்சியும் அதைத்தான் கொடுத்தார்கள். ஈரோட்டுக்காரன் மஞ்சளைக் குறை சொல்லக்கூடாதுதான், ஆனால் ரத்தம் கொட்டுகிற குஞ்சை வைத்துக்கொண்டு பரிசோதனை பண்ண நேரமில்லை.

உங்கள் குஞ்சுகளுக்கு ஐந்தாவது வாரத்தில் ஏன் வந்தது? கறிக்கோழிக் குஞ்சுத் தீவனம் போட்டுக்கொண்டிருந்து, விலை கட்டாமல் கம்புக்கும் சோளத்துக்கும் மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கம்பெனித் தீவனத்தில் பெரும்பாலும் ரத்தக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து கலந்தே வரும். நிறுத்தினதும் பாதுகாப்பும் போய்விடுகிறது, அந்த நேரம் பார்த்து மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தாய்க்கோழியோடு கொறங்காட்டில் மேய்ந்து வளர்கிற குஞ்சுக்கு இது இவ்வளவு கடுமையாக வருவது குறைவு. மண்ணில் கிடக்கிற ஒட்டுண்ணியையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கித் தின்று எதிர்ப்பு சக்தி வந்துவிடும். இன்குபேட்டரில் பொரித்து ஒரே அறையில் நெருக்கி விட்ட குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மருந்தைவிட நான் அதிகம் சொல்ல விரும்புவது தரையைப் பற்றி. எச்சத்தில் விழுகிற ஒட்டுண்ணியின் முட்டை விழுந்தவுடன் நோய் தராது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து அப்புறம்தான் தரும். ஈரம் இல்லையென்றால் பாதிச் சண்டை முடிந்தது. உமியோ கடலைத் தோலோ எது விரித்திருந்தாலும் தண்ணீர் வைக்கிற இடத்தில் ஒரு கை அள்ளி அழுத்திப் பாருங்கள், கையைத் திறந்ததும் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் அந்த இடத்தை அப்படியே வாரி வெளியே போட்டுப் புதிதாக விரியுங்கள், அதுவும் தினமும். தண்ணீர்க் குடுவையைச் செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வைத்தால் பாதி சிந்தாது. பினாயில் தெளித்தால் வாசம் வரும், அவ்வளவுதான், அந்த முட்டைக்கு ஒன்றும் ஆகாது. குஞ்சுகளை அடைக்கிற கொடாப்பையும் தீவனத் தட்டையும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவிச் சித்திரை வெயிலில் போட்டது மாதிரி நன்றாகக் காயவிடுங்கள். பெரிய கோழிகளை இவற்றோடு கலக்காதீர்கள், பார்க்க நன்றாக இருந்துகொண்டே எச்சத்தில் இந்த ஒட்டுண்ணி முட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும்.

பூச்சி மருந்துக்கும் வேலை இருக்கிறது, ஆனால் இப்போது இல்லை. குஞ்சுகள் தேறினதும், எட்டாவது வாரம் ராணிக்கெட் ஊசி போடுகிறதற்கு ஒரு வாரம் முன்னால் கொடுங்கள், அப்புறம் மேய்கிற கோழிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. எச்சத்தில் சேமியா மாதிரி வெள்ளையாக உருண்டைப்புழு கிடந்தால் பைப்பரசின் போதும். தட்டையான வெள்ளைத் துணுக்குகள் வந்தால் அது நாடாப்புழு, எறும்பையும் வண்டையும் பொறுக்கித் தின்பதால் வருவது. அதற்குப் பைப்பரசின் கேட்காது, மருத்துவரிடம் சொல்லி வேறு வாங்குங்கள். முட்டையிடுகிற கோழிக்குக் கொடுப்பதாக இருந்தால் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்காரர் சொல்வதை வைத்து முட்டையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.